‘ரன்’ என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கியதுமே ‘ரன் என்றால் ஓடு’ என்று எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுகிறோம். அப்புறம் பார்த்தால் மூக்கு ரன் ஆகிறது, சாயம் ரன் ஆகிறது, ஒருவர் கம்பெனியை ரன் செய்கிறார், இன்னொருவர் தேர்தலில் ரன் செய்கிறார், வீட்டில் பால் ரன் அவுட் ஆகிவிடுகிறது. வேலைக்காகவோ மொழிபெயர்ப்புக்காகவோ ஆங்கிலத்தை அன்றாடம் கையாளுகிறவர்கள் இந்தச் சொல்லைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் எதைச் சொல்கிறேன் என்று உடனே பிடிபட்டுவிடும்.

இந்த ஒரு சொல்லுக்கு 645 பொருள் என்கிறார்களே, உண்மைதானா?

உண்மைதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியை மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தி வருகிறார்கள். அந்த வேலையில் ரன்னின் முறை வந்தபோது பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் ஏறத்தாழ ஒன்பது மாதம் இந்த ஒரு சொல்லோடேயே உட்கார்ந்தார். 2011-ல் வெளியான கணக்கு 645. அதுவும் வினைச்சொல்லுக்கு மட்டும். பெயர்ச்சொல்லாக வரும் ரன் தனிப் பதிவு.

அதற்கு முன்னால் இந்தப் பெருமை ‘செட்’ என்ற சொல்லிடம் இருந்தது. 1989-ல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் செட்டுக்குச் சுமார் 430 பொருள் தந்திருந்தார்கள். அந்தப் பதிவு மட்டுமே சுமார் 60,000 சொல் நீளம், ஒரு சிறு நாவல் அளவு. அதனால்தான் சில வினாவிடைத் தொகுப்புகளில் ‘அதிகப் பொருள் உள்ள ஆங்கிலச் சொல்: செட்’ என்று இன்றும் பார்க்கிறோம். அந்த விடை பழையதாகிவிட்டது.

அத்தனையையும் படித்தாக வேண்டுமா?

வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு போன்ற பேரகராதிகள் வரலாற்று அகராதிகள். நானூறு வருடத்துக்கு முன்னால் வழக்கொழிந்த பொருளுக்கும் அங்கே இடம் உண்டு. கப்பல்காரர்கள், நெசவாளர்கள், சுரங்கத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பொருள்களும் உண்டு. நமக்கு ஒரே பொருளாகத் தோன்றுவதை அகராதியாளர்கள் நுணுக்கமாக நாலாகப் பிரிப்பார்கள். ‘ரன் அவுட்’, ‘ரன் இன்டு’ போன்ற கூட்டுவினைகளும் கணக்கில் சேரும். மாணவர்களுக்கான அகராதியைத் திறந்தால் இந்த எண்ணிக்கை சில டஜன்களுக்குள் அடங்கிவிடும்.

அந்தச் சில டஜனையும் பட்டியலாக நெட்டுருப் போடுவதில் பயன் இல்லை. அவற்றுக்கு நடுவே ஓடும் நூல் ஒன்று இருக்கிறது, அதைப் பிடித்தால் போதும். அடுத்த பதில் அதைப் பற்றியதுதான். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் அதைப் படியுங்கள்.

அந்த நூல் என்ன?

தமிழில் ‘ஓடு’ வேறு, ‘ஓட்டு’ வேறு. குதிரை ஓடுகிறது, ஒருவர் குதிரையை ஓட்டுகிறார். காலம் ஓடுகிறது, எப்படியோ காலத்தை ஓட்டுகிறோம். தானே நிகழ்வது தன்வினை, பிறரால் நிகழ்த்தப்படுவது பிறவினை. நடுவில் ஒரு ‘ட்’ வந்ததும் எல்லாம் தெளிவாகிவிடுகிறது.

பழைய ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு வினைகள் இருந்தன. தானே ஓடுவதற்கும் நீர் வழிந்தோடுவதற்கும் ‘ரின்னன்’ என்பது ஒன்று. குதிரையை ஓடவைப்பதற்கு அதிலிருந்தே பிறந்த பிறவினை இன்னொன்று. வைக்கிங்குகளோடு வந்த நார்ஸ் மொழியிலும் ‘ரின்ன’, ‘ரென்ன’ என்று இதே ஜோடி உண்டு. காலப்போக்கில் இவை எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, உருவத்தில் வேறுபாடு அழிந்து, ரன் என்ற ஒரே சொல்லாக நின்றுவிட்டன. ஜெர்மன் மொழி அந்த இரண்டையும் இன்னும் தனித்தனியாக வைத்திருக்கிறது: ‘ரின்னன்’ என்றால் நீர் வழிவது, ‘ரென்னன்’ என்றால் ஓடுவது.

ஆக, இன்றைய ஆங்கில ரன்னுக்குள் நம்முடைய ஓடுவும் இருக்கிறது, ஓட்டுவும் இருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க, பின்னால் செயப்படுபொருள் வருகிறதா என்று பாருங்கள். ‘த மெஷின் ரன்ஸ்’ என்றால் இயந்திரம் ஓடுகிறது. ‘ஷீ ரன்ஸ் த மெஷின்’ என்றால் அவர் இயந்திரத்தை ஓட்டுகிறார். ‘த ஷாப் ரன்ஸ் வெல்’ என்றால் கடை நன்றாக ஓடுகிறது. ‘ஹி ரன்ஸ் எ ஷாப்’ என்றால் கடை நடத்துகிறார். ‘ரன் எ பாத்’ என்றால் குளியல் தொட்டியில் தண்ணீரை ஓடவிடு. ‘ரன் யுவர் ஐஸ் ஓவர் திஸ்’ என்றால் இதன்மேல் கண்ணை ஓட்டு. வேறு வேறு பொருள் என்று நினைத்தவை எல்லாம் ஒரே ஜோடியாக வந்து நிற்பதைப் பார்க்கலாம்.

இது எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்றால், இல்லை. ‘ரன் எ ரெட் லைட்’ என்பதில் செயப்படுபொருள் இருக்கிறது, ஆனால் யாரும் சிவப்பு விளக்கை ஓட்டவில்லை. அதை மதிக்காமல் தாண்டிப் போகிறார்கள். ‘ரன் எ ரிஸ்க்’, ‘ரன் எ ஃபீவர்’, ‘ரன் அன் எர்ரண்ட்’ போன்றவையும் அப்படியே. இவற்றைத் தொடராகத்தான் பழகிக்கொள்ள வேண்டும். இந்த வகைத் தொடர்கள் அதிகம் இல்லை என்பது ஆறுதல்.

‘ஷீ இஸ் ரன்னிங் எ மாரத்தான்’ என்றால் அவர் ஓடுகிறாரா, நடத்துகிறாரா?

இரண்டும் இருக்கலாம். பெரும்பாலும் பந்தயத்தில் ஓடுகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பேச்சு நன்கொடை, ஏற்பாடு, தன்னார்வலர்கள் பற்றி இருந்தால் நடத்துகிறார் என்று பொருள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இந்த இடத்தில் ‘ஆர்கனைசிங்’ என்று மாற்றிச் சொல்லிக் குழப்பத்தைத் தீர்ப்பார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம்.

மூக்கும் சாயமும் ஏன் ‘ஓடுகின்றன’?

கால்களால் ஓடுவது எவ்வளவு பழையதோ, நீர் ஓடுவதும் இந்தச் சொல்லுக்கு அவ்வளவு பழைய பொருள். அதனால் ஈரமாக எது நகர்ந்தாலும் ஆங்கிலம் ரன் என்கிறது. குழாய் திறந்திருந்தால் ‘த டாப் இஸ் ரன்னிங்’. கன்னத்தில் கண்ணீர் வழிந்தால் அதுவும் ரன். நாம் இங்கே ஓடுவோடு நிற்பதில்லை. நீர் ஓடும், வழியும், ஒழுகும், கசியும், வடியும். அதன் அளவுக்கும் வேகத்துக்கும் ஏற்பச் சொல் மாறும். மூக்கு ஒழுகும், ஓடாது. மொழிபெயர்க்கும்போது எந்த நீர், எவ்வளவு நீர் என்று ஒரு நிமிடம் யோசித்தால் சரியான சொல் தானாக வரும்.

துணியில் ஒட்டியிருக்கும் துண்டுத்தாளில் ‘கலர்ஸ் மே ரன்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாயம் போகலாம் என்று இதைச் சொல்லிவிட்டால் பாதிதான் சொன்னதாகும். வெயிலில் காய்ந்து வெளுப்பதையும் நாம் சாயம் போவது என்போம். ஆங்கிலத்தில் அது ‘ஃபேட்’. இங்கே ரன் என்பது நனைந்த சாயம் கரைந்து, பக்கத்துத் துணியில் போய் ஒட்டிக்கொள்வது. வெள்ளைத் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள் என்ற எச்சரிக்கை அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

இன்னொன்று: ‘ரன்னிங் வாட்டர்’ என்பதற்கு ஓடும் தண்ணீர் என்றும் பொருள், வீட்டுக்குள் குழாயில் தண்ணீர் வரும் வசதி என்றும் பொருள். ‘தி ஹவுஸ் ஹேஸ் நோ ரன்னிங் வாட்டர்’ என்றால் வீட்டுக்கருகில் ஓடை இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

சாலை ஒரே இடத்தில்தானே கிடக்கிறது? அது எப்படி ரன் ஆகும்?

‘த ரோட் ரன்ஸ் அலாங் த ரிவர்’. நகர்வது சாலை இல்லை, அதைத் தொடர்ந்து போகும் நம் பார்வை. நாமும் ‘சாலை ஆற்றை ஒட்டியே போகிறது’ என்றுதான் சொல்கிறோம். தமிழில் ஒரு வேறுபாடு உண்டு. சாலை, வேலி, எல்லைக்கோடு எல்லாம் போகும் அல்லது செல்லும். மெல்லிய கோடாகப் பரவுவது மட்டும் ஓடும்: சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது, மண்ணுக்குள் வேர் ஓடியிருக்கிறது, கையில் பச்சை நரம்பு ஓடுகிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் ரன்னையே வைத்துக்கொள்கிறது.

இடத்தில் நீள்வதுபோலவே காலத்தில் நீள்வதும் ரன்தான். ‘த கான்ட்ராக்ட் ரன்ஸ் டில் டிசம்பர்’ என்றால் ஒப்பந்தம் டிசம்பர் வரை செல்லும். ‘த மீட்டிங் ரேன் ஓவர்’ என்றால் கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டி நீண்டுவிட்டது. ‘த ரிப்போர்ட் ரன்ஸ் டு 300 பேஜஸ்’ என்றால் அறிக்கை 300 பக்கம் வருகிறது. ஒரு நாடகமோ படமோ தொடர்ந்து காட்டப்பட்டால் அதுவும் ரன். இந்த இடத்தில் தமிழும் ஆங்கிலமும் அச்சு அசலாக ஒத்துப்போகின்றன: படம் 100 நாள் ஓடியது.

கம்பெனியை ‘ரன்’ செய்வதும் ‘மேனேஜ்’ செய்வதும் ஒன்றுதானா?

பல நேரம் ஒன்றுதான். ஆனால் ரன் என்றால் பொறுப்பு முழுக்க அவருடையது, அவர் இல்லாவிட்டால் சக்கரம் நிற்கும் என்ற தொனி கூடுதலாக இருக்கும். மேனேஜ் என்பதில் சமாளிப்பது என்ற வாடையும் உண்டு. ‘ஷீ ரன்ஸ் த பிளேஸ்’ என்று சொன்னால், பதவிப் பெயர் வேறு யாருக்கு இருந்தாலும் அங்கே எல்லாம் நடப்பது அவரால்தான் என்று பொருள்.

கணினி நிரலை ரன் செய்வதும் இந்த ஓட்டு வழியில் வந்ததே. இயந்திரத்தை ஓட்டுவதிலிருந்து நிரலை ஓட்டுவது ஒரு எட்டுதான். மென்பொருள் திரைகளில் ‘இயக்கு’ என்று போடுவது நல்ல தேர்வு. ‘ஓடு’ என்று போட்டிருக்கும் பொத்தான்கள் பயனரைப் பார்த்து ஓடச் சொல்வதுபோல் இருக்கின்றன. அதைத் தயவுசெய்து மாற்றுங்கள்.

சோதனையை ரன் செய்தால் நடத்துவது, விளம்பரத்தை ரன் செய்தால் வெளியிடுவது, ஆயுதத்தை ரன் செய்தால் கடத்துவது. செயப்படுபொருள் மாற மாறத் தமிழில் வினையும் மாறும்.

கிரிக்கெட்டில் ஓடாமலேயே நாலு ரன் தருகிறார்களே?

கிரிக்கெட்டின் ரன் நேரடிப் பொருளில் பிறந்தது. மட்டையாளர்கள் இருவரும் 22 கஜ ஆடுகளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி முடித்தால் ஒன்று. ஆரம்ப காலத்தில் கணக்கு எழுதுபவர் ஒரு குச்சியில் கத்தியால் கீறி எண்ணுவார். அதனால் 18-ஆம் நூற்றாண்டில் ரன்னை ‘நாட்ச்’, அதாவது கீறல், என்றும் சொன்னார்கள். பின்னால் எல்லைக்கோட்டைத் தொட்ட பந்துக்கு நாலு, தரையில் படாமல் தாண்டினால் ஆறு என்று ஓட்டத்துக்குப் பதிலாகவே தர ஆரம்பித்தார்கள். அப்போது ரன் என்பது செயலின் பெயராக இருந்து, ஒரு புள்ளியின் பெயராக மாறிவிட்டது. வைடுக்கும் நோபாலுக்கும் கிடைக்கும் ரன்னில் ஓட்டம் துளிகூட இல்லை.

தமிழ் வர்ணனையில் ‘ஓட்டம்’ என்று சொல்வது அதனால் தவறாகிவிடாது. ஆங்கிலத்திலும் அதே முரண் இருக்கிறது. யாருக்கும் அது உறுத்துவதில்லை. பேஸ்பாலில் ஒரு ரன் என்றால் நாலு தளங்களையும் சுற்றி வந்து முடிப்பது.

‘ரன் அவுட்’ என்றால் ஆட்டமிழப்பதுதானே? பால் எப்படி ரன் அவுட் ஆகும்?

கிரிக்கெட் பழகியவர்கள் இங்கே தடுமாறுவது இயல்புதான். ஆட்டத்தில் ரன் அவுட் என்றால் ஓட்டத்தின்போது கோட்டுக்குள் வருவதற்கு முன் விக்கெட்டைத் தகர்த்து வெளியேற்றுவது. வெளியே, அன்றாட ஆங்கிலத்தில், அதன் பொருள் தீர்ந்துபோவது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று எழுவாய். ‘த மில்க் ரேன் அவுட்’ என்றாலும் ‘வி ரேன் அவுட் ஆஃப் மில்க்’ என்றாலும் பால் தீர்ந்துவிட்டது என்றே பொருள். முதல் வாக்கியத்தில் எழுவாய் பால், இரண்டாவதில் எழுவாய் நாம். இரண்டாவது வகையில்தான் ‘ஆஃப்’ வர வேண்டும். ‘வி ரேன் அவுட் மில்க்’ என்று எழுதினால் தவறு. தமிழில் தீர்ந்துபோன பொருளே எழுவாயாக இருப்பதால், நம்மில் பலர் ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் வகையையே பிடித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டாவது வகையும் அதே அளவு சாதாரணம். ‘ஐ ஹேவ் ரன் அவுட் ஆஃப் பேஷன்ஸ்’ என்றால் எனக்குப் பொறுமை போய்விட்டது.

‘ரன் அவுட் ஆன் சம்ஒன்’ என்பது வேறு. குடும்பத்தையோ கூட்டாளியையோ நட்டாற்றில் விட்டுவிட்டுப் போவது அது.

ரன் இன்டு, ரன் ஓவர், ரன் டவுன்: இவற்றை எப்படிப் பிரித்தறிவது?

பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். ‘ரன் இன்டு’வுக்குப் பின்னால் பழைய நண்பர் வந்தால் தற்செயலாகச் சந்தித்தது. மரம் வந்தால் மோதியது. சிக்கல் வந்தால் மாட்டிக்கொண்டது. பெரிய எண் வந்தால் அந்த அளவை எட்டியது. முதல் மூன்றிலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: எதிர்பாராமல் எதிரே ஒன்று வந்து நிற்கிறது.

‘ரன் ஓவர்’ கொஞ்சம் ஆபத்தான தொடர். ‘ஐ ரேன் ஓவர் த நோட்ஸ்’ என்றால் குறிப்புகளை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். ‘ஐ ரேன் ஓவர் த டாக்’ என்றால் வண்டியை நாயின் மேல் ஏற்றிவிட்டேன். ‘ஐ ரேன் ஓவர் டு ஹர் ஹவுஸ்’ என்றால் அவர் வீட்டுக்கு ஓடினேன். பாத்திரம் ரன் ஓவர் ஆனால் நிரம்பி வழிகிறது.

‘ரன் டவுன்’ இன்னும் விரிந்தது. பேட்டரி ரன் டவுன் ஆனால் சார்ஜ் இறங்கிவிட்டது. ஒருவரை ரன் டவுன் செய்தால் அவரை மட்டம் தட்டுகிறார்கள், அல்லது வண்டியால் இடித்துத் தள்ளுகிறார்கள். சூழலைப் பார்க்காமல் விட்டால் செய்தியே மாறிவிடும். ‘ஐ ஃபீல் ரன் டவுன்’ என்றால் அலுத்துக் களைத்திருக்கிறேன். ரன் டவுன் கட்டடம் என்றால் பராமரிப்பில்லாமல் சீரழிந்தது. இரண்டையும் ஒட்டி எழுதி ‘ரன்டவுன்’ என்று பெயர்ச்சொல்லாக்கினால் நிலைமையின் சுருக்கமான விவரம்.

மற்றவை சுலபம். ‘ரன் அப் எ பில்’ என்றால் பாக்கியை ஏற்றிக்கொண்டே போவது. ‘ரன் த்ரூ’ என்றால் ஒருமுறை முழுவதும் ஒத்திகை பார்ப்பது. அலுவலகத்தில் ‘ரன் இட் பை மீ’ என்று மேலதிகாரி சொன்னால், செய்வதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று பொருள்.

தேர்தலில் ‘ரன்’ செய்வதா, ‘ஸ்டாண்ட்’ செய்வதா?

அமெரிக்காவில் வேட்பாளர்கள் ரன் செய்கிறார்கள், பிரிட்டனில் ஸ்டாண்ட் செய்கிறார்கள். பொருள் ஒன்றுதான்: போட்டியிடுவது. தமிழ் பிரிட்டிஷ் பக்கம் இருக்கிறது, நாமும் தேர்தலில் நிற்கிறோம் என்கிறோம்.

இப்படி அட்லாண்டிக்கின் இரு கரைக்கும் வேறுபடும் இடங்கள் இன்னும் சில உண்டு. மெல்லிய காலுறையில் நூல் பிரிந்து கோடாக ஓடினால் அமெரிக்கர்களுக்கு அது ரன், பிரிட்டனில் ‘லேடர்’. புது எஞ்சினை மெதுவாக ஓட்டிப் பழக்குவது பிரிட்டனில் ‘ரன் இன்’, அமெரிக்காவில் ‘பிரேக் இன்’.

‘பேங்க் ரன்’ என்றால் வங்கி நடத்துவதா?

இல்லை. வங்கி திவாலாகிவிடும் என்ற பயத்தில் பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்க விழுந்தடித்துக்கொண்டு வருவது. எந்த வங்கியும் வாங்கிய வைப்புத்தொகை முழுவதையும் கையில் ரொக்கமாக வைத்திருப்பதில்லை. பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்திருக்கும். அதனால் நல்ல நிலையில் இருக்கும் வங்கியைக்கூட இந்த ஓட்டம் சாய்த்துவிடக்கூடும். பயமே பயந்ததை நடத்திக்காட்டும்.

2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகளுக்கு வெளியே மக்கள் வரிசையில் நின்றார்கள். 1866-க்குப் பிறகு ஒரு பிரிட்டிஷ் வங்கியில் நடந்த முதல் பேங்க் ரன் என்று அதைச் சொல்வார்கள். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் சுமார் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். பெரும்பாலும் திரையைத் தட்டியே. இந்த ரன்னில் பெரும்பாலோர் வங்கி வாசலுக்கு ஓடக்கூட இல்லை.

ஒரு நாட்டின் நாணயத்தின் மீது நம்பிக்கை போய், எல்லோரும் விற்கத் தொடங்கினாலும் ரன் என்றே சொல்வார்கள். கடையில் ஒரு பொருளுக்குத் திடீர்க் கிராக்கி ஏற்பட்டாலும் ‘எ ரன் ஆன்’ என்று அந்தப் பொருளின் பெயரைச் சேர்ப்பார்கள்.

‘ரன்னிங் லோ’, ‘ரன்னிங் லேட்’ என்பதில் யார் ஓடுகிறார்கள்?

யாரும் இல்லை. இங்கே ரன் என்பது ‘ஆகு’ என்ற வேலையைச் செய்கிறது. ‘ரன் லோ’ குறைந்துபோவது, ‘ரன் ட்ரை’ வற்றிப்போவது, ‘ரன் வைல்ட்’ கட்டுக்கடங்காமல் போவது. ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’ என்று செய்தி அனுப்புகிறவர் கட்டிலில் உட்கார்ந்தும் அனுப்பலாம். ‘டெம்பர்ஸ் ஆர் ரன்னிங் ஹை’ என்றால் இரு தரப்பிலும் சூடு ஏறியிருக்கிறது.

‘இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி’?

பரம்பரையாக வருவது. நோய்க்கும் சொல்லலாம், திறமைக்கும் சொல்லலாம். ‘ரத்தத்திலேயே ஓடுகிறது’ என்று நாம் சொல்வதற்கு மிக நெருக்கம்.

‘த்ரீ டேஸ் ரன்னிங்’ என்றால் மூன்று நாள் ஓடியதா?

தொடர்ந்து மூன்று நாள் என்று பொருள். காலத்துக்குப் பின்னால் ரன்னிங் வந்தால் ‘தொடர்ந்து’. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் ‘நிகழ்ந்துகொண்டே இருக்கிற’: ரன்னிங் டோட்டல் என்றால் ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க மாறிவரும் கூட்டுத்தொகை, ரன்னிங் காமென்ட்ரி என்றால் நேரடி வர்ணனை.

பெயர்ச்சொல்லாக வரும் ரன்னுக்குத் தமிழில் நல்ல சொற்கள் உண்டா?

நிறைய உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு உற்சாகம் வந்துவிடும். ட்ரையல் ரன்னுக்கு ‘வெள்ளோட்டம்’ என்று அருமையான சொல் இருக்கிறது. புதுத் தேரையோ கப்பலையோ முதன்முதலாக ஓட்டிப் பார்ப்பதற்கு வந்த சொல் அது. மென்பொருளுக்கும் ரயிலுக்கும் கூசாமல் பயன்படுத்தலாம். ட்ரை ரன்னுக்கு ஒத்திகை. மின்சாரத்தில் வரும் ‘கரன்ட்’ என்ற சொல்லின் வேர், ஓடுவதைக் குறிக்கும் லத்தீன் வினைச்சொல். நாம் அதை ‘மின்னோட்டம்’ என்று சொல்லும்போது அந்த வேரோடு சேர்த்தே மொழிபெயர்த்திருக்கிறோம்.

கண்ணை ஓட்டுவதிலிருந்து வந்த ‘கண்ணோட்டம்’ இன்று பார்வைக்கோணம் என்ற பொருளில் வழங்குகிறது. திருக்குறளின் 58-ஆம் அதிகாரத்துக்கும் அதுதான் பெயர், ஆனால் அங்கே அதன் பொருள் இரக்கம். பிறர்மேல் கண் ஓடுவதே இரக்கம் என்று நினைத்த ஒரு மொழியில் நாம் எழுதுகிறோம். ஒரு வினைச்சொல் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு 645-ஐவிட இந்த ஒன்று எனக்குப் பெரிய சான்று.

ஓட்டம் என்று வைக்க முடியாதவையும் உண்டு. ‘ஆன் த ரன்’ என்றால் தலைமறைவு. ‘இன் த லாங் ரன்’ என்றால் நாளடைவில். பிரின்ட் ரன் என்றால் ஒரே தடவையில் அச்சடிக்கும் பிரதிகளின் எண்ணிக்கை. கோழிகள் உலாவக் கம்பிவலை அடித்த இடத்துக்கு சிக்கன் ரன். ‘ரன் ஆஃப் த மில்’ ஆலையிலிருந்து வந்த தொடர்: தரம் பிரிக்காமல், ஆலையிலிருந்து வந்தது வந்தபடி இருக்கும் சரக்கு. இன்று ‘சாதாரணமான, தனிச்சிறப்பு இல்லாத’ என்று பொருள்.

‘ரன் த கான்ட்லெட்’ என்பதில் கையுறைக்கு என்ன வேலை?

ஒரு வேலையும் இல்லை. கான்ட்லெட் என்று இரும்புக் கையுறைக்குப் பெயர் உண்டு என்பதால் வந்த குழப்பம். மூலம் ‘காட்லோப்’ என்ற ஸ்வீடிஷ் சொல்: ‘காட்டா’ என்றால் சந்து, ‘லோப்’ என்றால் ஓட்டம். தவறு செய்த சிப்பாயை, எதிரெதிராக இரு வரிசையில் நிற்கும் சக சிப்பாய்களுக்கு நடுவே ஓடவிட்டு, இருபுறமும் அடிப்பார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த அந்தப் பழக்கமில்லாத ஒலி, பழகிய கையுறையின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்று நாலாபுறமும் விமர்சனத்தைத் தாங்கிக்கொண்டு கடப்பதற்கு இதைச் சொல்கிறார்கள்.

தமிழில் ‘ஓடு’ வரும் இடத்தில் எல்லாம் ரன் போடலாமா?

கூடாது. ‘ஒண்ணுமே ஓடல’ என்று நாம் சொல்வது மூளை வேலை செய்யவில்லை, எதுவும் தோன்றவில்லை என்பதற்கு. இதை ரன் வைத்துச் சொன்னால் ஆங்கிலக்காரருக்குப் புரியாது. படம் ஓடவில்லை என்றால் தோல்வி. ஆங்கிலத்தில் ‘டிட் நாட் ரன்’ என்றால் திரையிடவே இல்லை என்று ஆகிவிடும், ‘ஃப்ளாப்’ என்று சொல்ல வேண்டும். நண்பர்கள் ஒருவரை ‘ஓட்டுவது’ கேலி செய்வது, அதற்கும் ரன் உதவாது. முட்டையின் ‘ஓடு’, கூரையில் வேயும் ‘ஓடு’ இரண்டும் பெயர்ச்சொற்கள். அவற்றுக்கும் இந்த வினைக்கும் சம்பந்தம் இல்லை.

‘ஹேஸ் ரேன்’ சரியா, ‘ஹேஸ் ரன்’ சரியா?

‘ஹேஸ் ரன்’. நிகழ்காலத்தில் ரன், இறந்தகாலத்தில் ரேன், ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ வந்தால் மறுபடியும் ரன். ‘பிகின், பிகேன், பிகன்’ என்ற வரிசையோடு சேர்ந்த வினை இது. அங்கே மூன்றும் மூன்று வடிவமாக இருப்பதால் மனதில் நிற்கிறது, இங்கே முதலும் மூன்றாவதும் ஒன்றுபோல இருப்பதால்தான் கை தவறுகிறது. சந்தேகம் வந்தால் அதே இடத்தில் பிகின்னை வைத்துப் பாருங்கள். ‘ஹேஸ் பிகன்’ என்று வருகிற இடத்தில் ரன், வெறும் ‘பிகேன்’ வருகிற இடத்தில் ரேன்.